சட்டை கழற்றும் வாசல்

முடி கொட்டுகிறது என்று கவலைப்படுகிறவருக்குத் திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் வழிகள் பல. அங்காடி மருந்துக் கடைகளில் காய்ந்த கரிசலாங்கண்ணி, அவுரி, நெல்லிமுள்ளி எல்லாம் கிடைக்கும். அவசரக்காரர்கள் இங்கிலீஷ் மருந்துக் கடைக்குப் போய் ஃபினாஸ்டிரைடு அட்டை வாங்குகிறார்கள். கிழக்கேகோட்டைப் பக்கம் நடந்தால் பத்மநாபசுவாமி கோயில். அங்கே ஆண்கள் சட்டையையும் பனியனையும் கழற்றிவிட்டு, வேட்டியோடுதான் உள்ளே போக வேண்டும். கடையில் வாங்கிய மாத்திரை சிலரிடம் கோயில் வாசலில் கணக்கு கேட்கிறது.

ஃபினாஸ்டிரைடு, புராஸ்டேட் வீக்கத்துக்கான 5 மி.கி. மாத்திரையாக 1992இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருந்து. வழுக்கைக்கு 1 மி.கி. மாத்திரை 1997இல் வந்தது. டெஸ்டோஸ்டிரோனை டிஎச்டி என்ற வீரியமான ஹார்மோனாக மாற்றும் நொதியை அது தடுக்கிறது. பரம்பரை வழுக்கையில் முடிவேரைச் சிறுக்கவைப்பது டிஎச்டிதான்; அது குறைந்தால் முடி நிற்கும். ஆனால் மிஞ்சுகிற டெஸ்டோஸ்டிரோனில் ஒரு பகுதி ஈஸ்ட்ரோஜனாக மாறுகிறது. ஈஸ்ட்ரோஜனின் கை ஓங்கினால், முலைக்காம்புக்கு அடியில் சுரப்பித் திசு திரண்டு, தொட்டால் வலிக்கும். எல்லோருக்கும் இப்படி ஆவதில்லை. 5 மி.கி. சாப்பிட்ட புராஸ்டேட் நோயாளிகளிடம் நடந்த பெரிய சோதனையில், முதல் ஆண்டில் மார்பு பெருத்தவர்கள் 0.5 சதவீதம், வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 0.1 சதவீதம்.

எண்ணிக்கை சிறியதுதான். ஆனால் அந்த ஒருவருக்குச் சட்டை கழற்றும் இடமே சங்கடமாகிவிடுகிறது. கடவுளிடம் அவருக்குக் கூச்சம் கிடையாது. பக்கத்தில் வரிசையில் நிற்பவரின் பார்வைக்குத்தான் அஞ்சுகிறார்.

வெற்று மார்பு பணிவின் அடையாளம் என்கிறது மரபு. திருவிதாங்கூரின் வரலாறு வேறொன்றையும் சொல்கிறது. மேல்சாதியார் முன் மார்பை மறைக்காமல் நிற்பதும் இங்கே ‘பணிவு’ என்றுதான் சொல்லப்பட்டது. அதை எதிர்த்து நாடார் பெண்கள் நடத்திய தோள்சீலைப் போராட்டம், மார்பை மறைக்கலாம் என்ற அரச ஆணையை 1859இல் பெற்றுத் தந்தது. 2024 டிசம்பர் 31 அன்று வர்க்கலை சிவகிரியில் அங்குள்ள மடத்தின் துறவி சுவாமி சச்சிதானந்தா, கோயில்களில் ஆண்கள் சட்டை கழற்றும் வழக்கத்தைக் கைவிட வேண்டும் என்றார்; பூணூல் இருக்கிறதா என்று பார்க்கவே அது வந்தது என்பது அவர் வாதம். அப்போது கேரள முதல்வராக இருந்த பினராயி விஜயன் அதை வரவேற்றார். மரபில் கை வைக்கக் கூடாது என்று நாயர் சமுதாய அமைப்பான என்.எஸ்.எஸ். எதிர்த்தது.

இந்த விவாதத்தில் ஆணின் மார்பு எப்படி இருக்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. சைவ மரபோ அதற்கு எப்போதோ பதில் வைத்திருக்கிறது. திருச்செங்கோட்டில் சிவன் அர்த்தநாரி. ஒரு பாதி மார்பு பெண்ணுடையது; அந்த வடிவத்தைக் கும்பிடுகிறோம். அதே உருவம் பக்தனின் உடம்பில் வந்தால் கேலி செய்கிறோம். பழனியில் முடியைக் காணிக்கையாகக் கொடுத்துவிட்டு மொட்டைத் தலையோடு நிமிர்ந்து நடக்கிறவரே, ஊர் திரும்பியதும் வழுக்கைக்கு மருந்து தேடுகிறார். மனிதப் பார்வைக்காகக் கூனிக்குறுகும் மனத்தைப் பக்தி என்று சொல்ல முடியாது.

சட்டை கழற்றுவது விருப்பமாக இருக்கட்டும், நிபந்தனையாக வேண்டாம். மாத்திரை சாப்பிடுகிறவர் ஒன்றைச் செய்ய வேண்டும்: மார்பில் கட்டியோ வலியோ கசிவோ தெரிந்தால் வெட்கப்படாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். ஆண்களுக்கும் மார்பகப் புற்றுநோய் வரும்.