மருண்டவன் கண்

'அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்' என்னும் பழமொழி நம் இல்லங்களில் பெரும்பாலும் பிறரை நகையாடுதற்கே பயன்படுகிறது. இதனை 'மருண்டவன் கண்ணுக்கு' என்று வழங்குவோரும் உளர். எதுகையால் மட்டுமன்று, பொருளாலும் அப்பாடமே சிறந்ததென நமக்குத் தோன்றுகிறது. மருள் என்பது தெருளுக்கு மறுதலை, அறிவின் மயக்கம். தொல்காப்பியர் அச்சத்தின் நிலைக்களன்களாக அணங்கு, விலங்கு, கள்வர், இறை என நான்கினைக் கூறினார். நான்கும் அஞ்சுவோனுக்குப் புறத்தே நிற்பவை. பழமொழியோ பேயை அவன் கண்ணிலேயே குடியேற்றிவிடுகிறது.

மருண்டவனை நாம் என்செய்வது? பழமொழி அதனைச் சொல்லவில்லை. பாலி மொழிச் சாதகக் கதையொன்று சொல்கிறது. வில்வ மரத்தடியில் ஓர் இளம்பனையின் கீழ்ப் படுத்திருந்த முயலொன்று, 'இவ்வுலகம் அழிந்தால் நாம் எங்கே போவது?' என்று எண்ணிக்கொண்டிருந்தது. அவ்வேளையில் வில்வப்பழம் ஒன்று பனையோலைமேல் விழுந்தது. உலகம் பிளந்ததென்று முயல் ஓடிற்று. நூறாயிரம் முயல்கள் தொடர்ந்தன. மானும் பன்றியும் எருமையும் புலியும் யானையும் பின்னே ஓடின. கேட்டவற்றுள் ஒன்றேனும் நின்று பார்த்ததில்லை. அவற்றைத் தடுத்த சிங்கம், 'யார் கண்டது?' என்று ஒவ்வோர் இனமாக வினவி, முடிவில் அம்முயலைக் கண்டது. அதனை எள்ளவில்லை, தன் முதுகில் ஏற்றிக்கொண்டு அவ்விடத்துக்கே சென்றது. அருகே செல்ல அஞ்சிய முயல் தொலைவில் நின்றே இடத்தைச் சுட்டியது. சிங்கம் தானே சென்று கீழே கிடந்த பழத்தைக் கண்டது.

அந்த ஏளனமின்மையே கதையின் உயிர் என்போம். ஏனெனில் எல்லா அச்சமும் மருளன்று. அஞ்சத்தக்கதற்கு அஞ்சாமை பேதைமை என்றார் வள்ளுவரும். 1991 டிசம்பரில், காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால ஆணை அரசிதழில் வெளிவந்ததை ஒட்டிப் பெங்களூரில் தமிழர் தாக்கப்பட்டனர். பலர் உடுத்த துணியோடு ஊரைவிட்டு வெளியேறினர். அந்நாட்களைக் கண்ட குடும்பம், பின்னொரு நாள் காவிரிச் செய்தி கேட்டதும் கதவைத் தாழிடுமாயின், அதனை மருண்ட கண் என்று நகைக்க நமக்கு என்ன உரிமை? பேயை ஒருமுறை மெய்யாகவே கண்டவர் அவர்.

பிற மாநிலங்களில் வாழும் நமக்கு இவ்வினா பழங்கதையன்று. 2023 மார்ச்சில் நிலைமை தலைகீழாயிற்று. தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர் கொல்லப்படுகின்றனர் என்று பொய்யான காணொளிகள் பரவின. தொடர்பற்ற நிகழ்ச்சிகள் பல அவ்வாறு காட்டப்பட்டன. ஹோலிக்கு ஊர் திரும்பும் கூட்டத்தைத் தப்பியோடும் கூட்டமென்று கொண்டவரும் உளர். 'எங்கள் மண்ணில் அப்படி நடக்காது' என்று சினந்தோர் நம்மவருள் பலர். அச்சினம் இயல்பே; ஆயினும் மொழி தெரியாத ஊரில், தகரக் கூரையின்கீழ், ஊரிலிருந்து தாய் அழுதுகொண்டு பேசும் தொலைபேசியைக் கையில் ஏந்திய இளைஞனுக்கு அச்சினத்தால் என்ன ஆறுதல்? அவன் நிலையை நம்மைவிட நன்கு அறிந்தவர் யார்?

பீகார் அரசு நான்கு அதிகாரிகள் கொண்ட குழுவைத் தமிழ்நாட்டுக்கு அனுப்பிற்று. அவர்கள் தொழிலாளர் வாழும் இடங்களுக்கே சென்று, நேரில் கண்டு, கேட்டுத் திரும்பினர்.