பர்ளு கிஃபாயாவும் ஊர்ப் பொறுப்பும்

மஹல்லாவில் ஒருவர் மவுத்தாகிவிட்டால் அவரைக் குளிப்பாட்டி, கஃபனிட்டு, ஜனாஸாத் தொழுது, அடக்கம் செய்வது அவ்வூரார் அனைவர் மீதும் கடமை. சிலர் முன்வந்து நிறைவேற்றின் ஏனையோரின் பொறுப்பு நீங்கும். ஒருவரும் முன்வராவிடின் ஊர் முழுவதுமே குற்றத்திற்குள்ளாகும். இதனைப் பர்ளு கிஃபாயா என்று மத்ரஸாவின் முதலாண்டு மாணவனும் அறிவான். ஆயின், இச்சட்டத்தின் முற்பகுதியை நினைவில் வைத்துள்ள அளவுக்குப் பிற்பகுதியை நாம் வைத்திருக்கிறோமா என்பது ஐயமே.

கிஃபாயா என்னும் அரபுச் சொல்லுக்குப் போதுமானதாயிருத்தல் என்பது பொருள். எவரோ சிலர் பொறுப்பேற்றனர் என்பதனால் நம் கடமை நீங்கிவிடுவதில்லை. அக்காரியம் போதுமான அளவு நடந்தேறினால்தான் நீங்கும். நடந்ததா என விசாரியாதவர், தமக்குப் பொறுப்பில்லை என்று எங்ஙனம் கூற இயலும்? பள்ளிக்கு முத்தவல்லி இருக்கிறார், சங்கத்திற்குச் செயலாளர் இருக்கிறார், 1866-இல் நகராட்சியாகி 2021-இல் மாநகராட்சியாக உயர்ந்த காஞ்சிக்கு ஊழியர் இருக்கின்றனர் என்று சொல்லித் திண்ணையில் அமர்ந்துவிடுகிறோமே, சோம்பலுக்கு நாம் சூட்டிக்கொண்ட அரபுப் பெயர் அது!

ஹிஜ்ரி 478-இல் மறைந்த இமாமுல் ஹரமைன் ஜுவைனி (ரஹ்) அவர்கள் தமது ‘கியாஸுல் உமம்’ நூலில் இன்னும் ஒருபடி மேலே செல்கிறார்கள். தனிக்கடமையைச் செய்பவன் தன்னை மட்டும் விடுவித்துக்கொள்கிறான். பொதுக்கடமையை நிறைவேற்றுபவனோ ஊரார் அனைவரையும் விடுவிக்கிறான். ஆதலின் இதன் தகுதி பெரிது என்பது அன்னாரின் வாதம். 2020, 2021 ஆம் ஆண்டுகளில் கொரோனாவால் இறந்தோரை உறவினரே நெருங்க அஞ்சியபோது, தமிழகத்தின் பல ஊர்களில் முஸ்லிம் தொண்டர்கள் மதம் பாராது அவரவர் முறைப்படி இறுதிக்கடன் நிறைவேற உழைத்தனர். அவ்வாதத்திற்கு அதனினும் தெளிவான விளக்கவுரை நாம் கண்டதில்லை.

விசாரிக்கும் பொறுப்பு எத்தகையது என்பதைக் காஞ்சிக்குத் தெற்கேயுள்ள உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் காட்டும். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆம் ஆண்டுகளில், ஏரி வாரியம், தோட்ட வாரியம் முதலியவற்றுக்குக் குடவோலை வழியே உறுப்பினரைத் தேர்ந்த முறை அங்குக் கோயிற் சுவரில் வெட்டப்பட்டுள்ளது. நிலமும் வேதக் கல்வியும் உடைய அந்தணர்க்கே அவ்வுரிமை இருந்தது. எல்லார்க்குமான குடியாட்சி என அதனைப் புகழ்வது மிகை. எனினும், முன்பு வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் மீண்டும் இடம்பெறலாகாது என்னும் விதி நம்மைத் தலைகுனியச் செய்கிறது. மறுமையின் ஹிஸாபை நம்பும் நாம், இம்மையில் ஜமாஅத்தின் வரவுசெலவைக் கேட்பவரைக் கலகக்காரர் என்கிறோம்.

இந்தியாவில் நகர்ப்புறக் கூட்டுறவுக் கடன் சங்கமொன்று முதன்முதலாகப் பதிவானதும் காஞ்சிபுரத்தில்தான், 1904 அக்டோபரில். (வட்டியைப் பற்றிய மார்க்கச் சட்டம் தனி விஷயம், இங்கு நாம் நோக்குவது, எளியோர் கூடித் தம் காரியத்தைத் தாமே நடத்திய முறையை.) பின்னர் எழுந்த பட்டு நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களும் அவ்வழியினவே. சங்கம் பட்டும் ஜரிகையும் கொடுத்து, நெய்த சேலையைப் பெற்றுக் கூலி வழங்கும். நெசவாளி தனி முதலாளியை அண்டியே வாழவேண்டியதில்லை. கோர்வைச் சேலைக்குத் தறியில் நெய்பவரோடு கரைநாடாவைத் தள்ள இன்னொருவரும் வேண்டும். சங்கமும் அத்தகையதே. உறுப்பினர் பேரவைக்கு வாராமலும், வந்தும் கணக்கைக் கேளாமலும் இருந்தால், நிருவாகி நல்லவராயினும் தறி ஒற்றைக் கையால்தான் ஓடும்.

நம் ஜமாஅத் போதாதா, பிறரோடு ஒரே சங்கத்தில் அமர்வது ஏன் என்று வினவுவோர் உளர். அவர்கள் ஹில்ஃபுல் ஃபுளூலை எண்ணிப் பார்க்கட்டும். யமனைச் சேர்ந்த வணிகரொருவரின் சரக்கை வாங்கிய மக்கத்துப் பிரமுகர் ஆஸ் இப்னு வாயில் விலை கொடுக்க மறுத்தார். குறைஷியரின் பல கிளையாரும் அப்துல்லாஹ் இப்னு ஜுத்ஆன் இல்லத்தில் கூடி, அநீதியுற்றவர் எவராயினும் துணை நிற்போம் என்று உறுதிபூண்டு, அவ்வயலூராரின் உரிமையை மீட்டுக் கொடுத்தனர். அன்று அங்கிருந்த எவரும் முஸ்லிம் அல்லர். இஸ்லாத்தின் அழைப்பு அப்போது தொடங்கவேயில்லை. இளைஞராக அதில் கலந்துகொண்ட பெருமானார் (ஸல்) அவர்கள், நபித்துவத்திற்குப் பின்னரும் அதனைப் பெருமையோடு நினைவுகூர்ந்து, அத்தகைய உடன்படிக்கைக்கு இப்போது அழைக்கப்பட்டாலும் தாம் இசைவதாகக் கூறினார்கள்.