கையிலுள்ள நெருப்பும் கொடுத்த வாக்கும்

மலையேறுவோரும் காடு செல்வோரும் எரிபொருள் நிரப்பத்தக்க லைற்றர் ஒன்றை உடன்கொண்டு செல்வது விவேகம் என்பதை எவரும் மறுக்கார். அவ்விவேகம் எவ்விடத்திற் கடமையாக மாறுகின்றது என்பதே ஈண்டு ஆராயற்பாலது.

இவ்வினா எனக்கு நூல்வழி எழுந்ததன்று. பல ஆண்டுகளுக்கு முன்னர், யாத்திரைக் காலமல்லாத ஆவணி மாதத்தில், நண்பர் ஐவர் குருவிட்ட வழியாகச் சிவனொளிபாதமலைக்கு ஏறினோம். புறப்படுமுன் ஒருவர், “தீப்பெட்டி எடுக்கட்டோ?” என வினவினார். “தேவையில்லை, என்னட்டை லைற்றர் இருக்கு” என்றேன். அந்திப் பொழுதில் மழை பிடித்துக்கொண்டது. நனைந்தவாறே ஓர் அம்பலத்தை அடைந்தபோது, வினவிய அந்நண்பருக்கே உடல் நடுங்கிப் பேச்சுக் குழறத் தொடங்கியிருந்தது. முன்னர் வந்தோர் விட்டுச்சென்ற உலர்ந்த விறகு மூலையிற் கிடந்தது. லைற்றரை அழுத்தினேன். பொறி பறந்தது, சுடர் எழவில்லை. மீண்டும் மீண்டும் பொறியே பறந்தது. எஞ்சிய உலர்ந்த துணிகளால் அவரைப் போர்த்தி, இருபுறமும் நெருங்கியமர்ந்து விடியும்வரை காத்திருந்தோம். அவர் தேறினார்.

கருவியிற் பழுதில்லை. திரியும் பஞ்சும் கொண்ட பெற்றோல் லைற்றரின் எண்ணெய், பயன்படுத்தாதபோதும் மூடியின் இடுக்கு வழியே ஆவியாகிச் சில வாரங்களில் வற்றிவிடும். 1903ஆம் ஆண்டில் ஒஸ்திரிய வேதியியலறிஞர் கார்ள் அவுவர் காப்புரிமை பெற்ற கலப்புலோகமாகிய ‘கல்’ மட்டும் எஞ்சிநின்று பொறி தரும். (பியூட்டேன் வாயு லைற்றர் இவ்வாறு எளிதில் வற்றாது, எனினும் அவ்வாயு ஏறத்தாழ சுழியப் பாகை வெப்பநிலையிலேயே திரவமாகிவிடுவதால், உறைகுளிரில் அதுவும் கைவிடும்.) ஆகவே, நம்பத்தகுந்த லைற்றர் என்று ஒன்று தனியே இல்லை, அண்மையில் நிரப்பப்பட்ட லைற்றரே உண்டு.

“வற்றியதை நான் அறியேன்” என்பது தக்க விடையாகுமா? அரிஸ்ரோட்டில் தமது நிக்கோமாக்கிய அறவியலின் மூன்றாம் நூலில், கவனமின்மையால் நேர்ந்த அறியாமைக்கும் தண்டனை உண்டென்பர். கவனமாயிருத்தல் அவனது ஆற்றலுக்கு உட்பட்டதே என்பது அவர் காட்டும் காரணம். வள்ளுவரோ ‘பொச்சாவாமை’யைப் பொருட்பாலில், அரசியலில் வைத்தார். பிறர் தன்னை நம்பியிருக்குமிடத்து மறதி தன்னோடு முடிவதில்லை என்பதனாற் போலும். தீப்பெட்டியை வீட்டில் வைத்துவிட்டு வந்தவருக்கு அந்த ஒரு மாலைப்பொழுதில் அரசன் நானே.

ஒன்றுங் கொண்டுவராத ஏனைய மூவரை எவரும் குறைகூறவில்லை. கொண்டுவந்த என்னைக் குறைகூறல் நீதியா எனச் சிலர் கேட்கலாம். நானும் நெடுநாள் அவ்வாறே கேட்டுக்கொண்டதுண்டு. ஆயின் அம்மூவரும் எவருடைய தீப்பெட்டியையும் தடுத்தாரல்லர். என் குற்றம் லைற்றர் வற்றியதிலன்று, “இருக்கு” என்ற சொல்லிலேயே தொடங்கிற்று. அச்சொல் மற்றொருவரின் முன்னெச்சரிக்கையை அவர் கையிலிருந்து வாங்கிவிட்டது. நம்பியவருக்கும் இதிற் பங்குண்டு என வாதிடலாம். அவ்வாதத்தை முன்வைக்கும் உரிமை எனக்கில்லை.

அடுத்த ஆண்டு மீண்டும் ஏறினோம். முதல்நாள் இரவே எண்ணெய் நிரப்பியிருந்தேன். அடிவாரத்தில் அந்நண்பர் ஒன்றும் பேசாது கையை நீட்டினார். லைற்றரைக் கொடுத்தேன். மும்முறை கொளுத்திப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். அவருடைய சட்டைப்பையில், மெழுகுத்தாளிற் சுற்றிய தீப்பெட்டி ஒன்றும் இருந்தது.