பிரதிநிதிப் பொருளும் வண்டியின் உறுப்பும்

உறுப்புகள் ஒவ்வொன்றாக மாற்றப்பட்ட பின்பும் ஒரு பொருள் பழைய பொருளாகவே இருக்கிறதா என்னும் வினாவைப் பௌத்தரும் நியாய வைசேடிகரும் நெடுங்காலம் வாதிட்டனர். அச்சும் சக்கரமும் நுகமும் சேர்ந்த கூட்டுக்கு இட்ட பெயரே தேர் என்று பாலி நூலான மிலிந்த பன்ஹ கூறுகிறது. வைசேடிகரோ உறுப்புகளுக்கு வேறாக அவயவி எனப்படும் முழுப்பொருள் ஒன்று உண்டு என்றனர். ஆயினும் ஓர் இழை நீங்கினால் பழைய ஆடை அழிந்து புதிய ஆடை தோன்றுகிறது என்று அவர்களும் சொல்ல நேர்ந்தது. உறுப்பு எதையும் கழற்ற முடியாத ஒற்றைக்கல் ரதங்கள் நிற்கும் மாமல்லபுரத்தில் இவ்வாதத்துக்கு இடமில்லை என்று வேடிக்கையாகச் சொல்லலாம். ஆனால் அவ்வூரை அடுத்த கிழக்குக் கடற்கரைச் சாலையில் ரேடியேட்டர் ஒழுகி நிற்கும் காரின் உரிமையாளருக்கு இவ்விரு விடைகளும் பயன்படுவதில்லை. எந்தப் பொருள் எந்தப் பொருளின் இடத்தில் நிற்கத் தகுதியுடையது என்பதே அவருடைய வினா.

இவ்வினாவை நேராக எடுத்துக்கொண்டது மீமாம்சை, அதாவது வேள்வி விதிகளுக்குப் பொருள் காணும் துறை. அத்துறையின் மூலநூலான சைமினி சூத்திரங்களின் ஆறாம் அத்தியாயம், விதித்த பொருள் கிடைக்காதபோது அதன் இடத்தில் வைக்கும் பிரதிநிதியைப் பற்றி ஆராய்கிறது. நெல் கிடைக்காவிடில் அதனை ஒத்த நீவாரம் என்னும் காட்டுநெல்லைக் கொள்ளலாம். வேள்விக்கு ஆகாதென்று விலக்கப்பட்ட உளுந்தை எந்நிலையிலும் கொள்ளலாகாது. பிரதிநிதியும் தீர்ந்துபோனால், அடுத்துத் தேடும் பொருள் அந்தப் பிரதிநிதியை அல்ல, மூலப்பொருளையே ஒத்திருக்க வேண்டும் என்பது இப்பகுதியின் நுட்பமான முடிவுகளுள் ஒன்று.

பழுதுபார்க்கும் பட்டறைகளில் பெரும்பாலும் மீறப்படுவது இவ்விதியே. கழற்றிய தெர்மோஸ்டாட்டைக் கடைக்கு எடுத்துச் சென்று அதைப் போலவே ஒன்று கேட்பது வழக்கம். கழற்றியதே முன்பு யாரோ மாட்டிய மாற்றுப்பொருளாக இருந்தால், பிழைக்குப் பிழை பிரதிநிதியாகிறது. தெர்மோஸ்டாட் என்பது உள்ளிருக்கும் மெழுகு குறிப்பிட்ட வெப்பத்தில், பல எஞ்சின்களில் 82 முதல் 90 டிகிரி செல்சியசுக்குள், விரிந்து நீர் ஓடும் வழியைத் திறக்கும் அடைப்பான். ரேடியேட்டர் மூடி என்பது உள்ளழுத்தத்தை ஓர் அளவில் நிறுத்தும் கருவி. அவ்வழுத்தம் ஏறத்தாழ 1 பார் கூடினால் நீரின் கொதிநிலை 120 டிகிரியை எட்டும். அளவில் ஒத்து அழுத்தத்தில் குறைந்த மூடி சரியாகப் பொருந்தும், ஆனால் நீர் முன்னதாகவே கொதித்துவிடும். மறைமலை நகர் ஃபோர்டு ஆலையில் 2022-இல் கார் உற்பத்தி நின்ற பின்பும் அந்நிறுவனத்தின் கார்கள் ஜி.எஸ்.டி. சாலையில் ஓடிக்கொண்டிருக்கின்றன; இப்படி உற்பத்தி நின்ற வண்டிக்கு மூலப்பொருள் என்பது கழற்றிய துண்டன்று, கையேட்டில் அச்சிட்ட வெப்பமும் அழுத்தமுமே.

உளுந்தைப் போல விலக்கப்பட்ட பொருளுக்கும் இக்கடற்கரையில் எடுத்துக்காட்டு உண்டு. கூலன்ட் என்பது எத்திலீன் கிளைக்காலும் அரிப்பைத் தடுக்கும் சேர்க்கைகளும் நீரில் கலந்தது. நிறம் சாயத்தால் வருவதால், ஒரே நிறமுள்ள இரண்டு கூலன்ட்கள் ஒரே வகையாக இருக்க வேண்டியதில்லை. கடலோரக் கிணற்று நீர் பல இடங்களில் உவர்ப்பானது. அது உள்ளே படிவாகி, அலுமினியத்தை அரிக்கும். இருந்தும் கூலன்ட் முழுதும் ஒழுகி வழியில் நின்ற வண்டியில், எஞ்சின் ஆறிய பின், கிடைத்த நீரை ஊற்றி வீடு சேர்வது தவறாகாது. நித்திய கருமத்தை, அதாவது தவறாமல் செய்ய வேண்டியதை, அங்கங்கள் குறைந்தாலும் இயன்றவரை செய்யலாம் என்றும், பயன் விரும்பிச் செய்யும் காமிய கருமத்துக்கு எல்லா அங்கமும் வேண்டும் என்றும் மீமாம்சகர் வகுத்தது இவ்வேறுபாட்டையே. வீடு சேர்ந்த பிறகும் அந்நீரையே விட்டுவைப்பதற்கு நித்திய கருமத்துக்குரிய அச்சலுகை பொருந்தாது. வெயில் நாட்டுக்குத் தேவையில்லை என்று தெர்மோஸ்டாட்டையே நீக்கிவிடும் பழக்கமும் இத்தகையதே. உரிய வெப்பத்தை எட்டாத எஞ்சின் எரிபொருளை வீணாக்கித் தேய்மானத்தைக் கூட்டும். அங்கம் என்பது சேஷம், அதாவது பிறிதொன்றின் பயனுக்காகவே இருப்பது. இறைவனுக்கும் உயிருக்கும் உள்ள உறவை விளக்க, பழைய செங்கல்பட்டு மாவட்டத்துத் திருப்பெரும்பூதூரில் தோன்றிய இராமாநுசர் இக்கருத்தையே எடுத்தாண்டார். குளிர்விப்பதும் சேஷமே, குளிர்ச்சியைத் தனிப் பயனாகக் கொள்வது அங்கத்தை அங்கியாக, அதாவது முதன்மைப் பொருளாக, ஆக்குவதாகும்.

இவ்வொப்பீட்டுக்கு ஒரு தடையைச் சொல்லலாம். வேள்வியின் பயன் அதிருஷ்டம், அதாவது கண்ணுக்குப் புலப்படாதது; ஆதலால் அங்கே ஒப்புமையைத் தவிர வேறு சான்றில்லை. எஞ்சினின் பயனோ திருஷ்டம். வெப்பமானியின் முள் அதைக் காட்டுகிறது. ஆனால் முள் காட்டுவது அன்றைய வெப்பத்தை மட்டுமே. தகாத நீர் நிரம்பிய எஞ்சினிலும் முள் பல மாதங்கள் நடுவில் நிற்கக்கூடும், அரிப்பு அதற்குள் பம்பின் உட்சுவர்வரை சென்றிருக்கும். ஆகவே கண்ணால் காணும் பயனை மட்டும் நம்பி உறுப்பைத் தேர்வோரைவிட, காணாப் பயனுக்காக விதியைப் பார்த்த மீமாம்சகரே இப்பொருளுக்கு நெருங்கியவர்.