நீக்குதலும் மீட்டலும்

தவறிழைப்பது மனித இயல்பு. அதைத் திருத்த முனைவது மனிதப் பண்பு. ஆனால், தவறை நீக்கிய மாத்திரத்தில் பழைய நிலை திரும்பிவிடுமா? இக்கேள்வியைத் தத்துவ நூல்களில் மட்டுமே தேட வேண்டுமென்பதில்லை. ஒரு மடிக்கணினியும் அதற்கு விடை பகரும்.

ஸ்ரீபெரும்புதூர் முதல் ஒரகடம் வரை நீளும் தொழிற்சாலை வட்டாரத்தில் மடிக்கணினி இன்று அரிய பொருளன்று. டெல் நிறுவனம் 2007இல் ஸ்ரீபெரும்புதூரில் கணினி உற்பத்தியைத் தொடங்கியது. தமிழக அரசு 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தால் எளியோர் இல்லங்களிலும் அது குடிபுகுந்தது. அவற்றுள் பல, நடுவணரசின் சி-டாக் உருவாக்கிய ‘பாஸ்’ லினக்சைத் தாங்கி வந்தன. பாஸ், டெபியன் என்னும் அமைப்பின் வழிவந்தது, உபுண்டுவும் அவ்வாறே.

இக்குடும்பத்துக் கணினியொன்றில் வேண்டாத மென்பொருளை ஒருவர் தவறுதலாக நிறுவிவிட்டார் எனக் கொள்வோம். ‘ரிமூவ்’ என்று ஆணையிட்டால் அது அகலும். அதன் அமைப்புக் கோப்புகளோ எஞ்சி நிற்கும். ‘பர்ஜ்’ என்றால் அவையும் போகும்; எனினும் பயனரின் சொந்தக் கோப்புறையில் அது எழுதி வைத்தவை அங்கேயே கிடக்கும். துணையாக உடன்வந்த பொதிகளை அகற்ற ‘ஆட்டோரிமூவ்’ என்று தனியே சொல்ல வேண்டும்.

இவற்றினும் பெரிய இடர் ஒன்றுண்டு. புதியது வந்தபோது, அதனோடு ஒவ்வாத பழையது ஒன்று வெளியேற்றப்பட்டிருக்கலாம். வந்ததை விரட்டினால் போனது தானாகத் திரும்புமா? திரும்பாது. அதன் பெயரறிந்து மீண்டும் அழைத்து அமர்த்த வேண்டும். அப்பெயரோ ‘ஆப்ட்’ வைத்திருக்கும் வரலாற்றுப் பதிவேட்டில் உள்ளது. எந்நாளில், எக்கட்டளையால், எவை வந்தன, எவை போயின என்பதை அது மறைக்காமல் குறித்து வைக்கிறது. அதைப் படியாமல், பதற்றத்தில் கண்ணில் பட்டதையெல்லாம் நீக்குவோர் முதல் தவறினும் பெரிய தவறு செய்கின்றனர். பிற பல சார்ந்து நிற்கும் ஒன்றை அகற்றினால், சார்ந்தவையும் உடன் சரியும்.

“அனைத்தையும் அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கலாமே” என்பாரும் உளர். எளிய வழிதான். ஆனால் அதில் தவறோடு சேர்ந்து, நகலெடுத்து வைக்காத பாடக் குறிப்புகளும் கடிதங்களும் மாளும். நடந்தது என்னவென்று கூறும் பதிவேடும் மாளும். தவறு செய்த ஊரைவிட்டு ஓடிப்போகிறவன் தன் தவற்றைத் திருத்தியவன் ஆகமாட்டான். அதைப் பார்த்த கண்களிலிருந்து தப்பியவனே ஆவான்.

முழு மீட்பு எப்போதும் கைகூடும் என்பதற்கும் இல்லை. இதே ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் உற்பத்தி தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பரில் நின்றது. சில ஆண்டுகளுக்குப் பின் சால்காம்ப் நிறுவனம் அவ்வளாகத்தைப் பெற்றது. கட்டடத்தில் மீண்டும் விளக்கெரிந்தது. வேலையிழந்தோர் இழந்த ஆண்டுகளை எவர் மீட்டுத் தர இயலும்?

ஆகவே, தவறைத் திருத்துவோர் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. நான் எதைக் கொண்டுவந்தேன் என்பது முதலாவது. என் செயலால் எது வெளியேறியது என்பது இரண்டாவது. முதற் கேள்வியோடு நம்மில் பலர் நின்றுவிடுகிறோம். சொன்ன கடுஞ்சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறோம். அச்சொல்லால் அகன்றுபோன நண்பனை அழைக்க மறக்கிறோம். அவனுடைய வாசல் வரை நடந்து செல்லும்போதுதான் திருத்தம் நிறைவெய்துகிறது.