மூங்கிலின் உட்புறம்

கொச்சியில் மட்டாஞ்சேரியை அடுத்து, காயல் கடலோடு கலக்கும் கரையில் சீன வலைகள் வரிசையாக நிற்கின்றன. தேக்கு மரத்தையும் மூங்கிலையும் கொண்டு இவற்றை அமைப்பதே மரபு; அண்மைக் காலத்தில் சிலவற்றில் இரும்புக் குழாய்களும் இடம்பெற்றுள்ளன. ஒருபுறம் அகன்ற வலை. மறுபுறம் கயிறுகளில் தொங்கும் கனத்த கற்கள். இரண்டும் சமநிலையில் இருப்பதால், ஒருவர் நடுமரத்தின்மீது நடந்து சென்றாலே வலை நீரில் தாழ்ந்துவிடும். கடற்காற்றுக்கும் நீரின் இழுப்புக்கும் வளைந்து கொடுத்து நிற்கும் அந்த மூங்கில் கழிகளின் உட்புறம் வெறுமையானது.

அகங்காரத்தை விட்டுவிடுமாறு சாத்திரங்கள் கூறும்போது, சாதகர்கள் பலரின் உள்ளத்தில் ஓர் அச்சம் எழுகிறது. 'நான்' என்பது போய்விட்டால் என்ன எஞ்சும்? இல்லறத்தையும் தொழிலையும் நடத்தும் வலிமையும் அதனுடன் போய்விடாதா? இந்த அச்சத்திற்கு மூங்கில் விடை தருகிறது.

மூங்கில் புல்லினத்தைச் சேர்ந்தது. அதன் வலிய நார்கள் தண்டின் வெளிப்புறத்தை ஒட்டியே செறிந்துள்ளன. கழி வளையும்போது பளுவைப் பெரிதும் தாங்குவது அந்த வெளிப்பகுதியே. நடுப்பகுதியின் பங்கு மிகக் குறைவு. ஆகவே உள்ளே இருக்கும் வெறுமை மூங்கிலின் குறையன்று. எடை குறைந்தும் வலிமை குறையாதிருப்பதற்கு அதுவே காரணமாகிறது. அவ்வாறே, அகங்காரம் நீங்கியவரிடம் செயல் குன்றுவதில்லை; செயலின் சுமையே குறைகிறது.

எனினும் வெறுமை மட்டும் போதாது. உள்ளீடற்ற குழாயை வளைத்தால் அது நசுங்கிவிடும். மூங்கில் நசுங்காமல் காப்பவை அதன் கணுக்கள். அவை உள்ளே குறுக்குச் சுவர்களாக நிற்கின்றன. தினந்தோறும் தவறாத ஜபம், தியானம், தொண்டு, சத்சங்கம் ஆகிய நியமங்களே சாதகனின் வாழ்வில் கணுக்கள். இவையின்றி 'எல்லாம் அவன் செயல்' என்று இருந்துவிடுவது சரணாகதி ஆகாது.

முளைவிட்ட மூங்கில் சில மாதங்களிலேயே முழு உயரத்தை எட்டிவிடும். ஆயினும் அது முற்றி உறுதி பெற ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் ஆகும். சாதகனுக்கும் அந்தப் பொறுமை வேண்டும்.

இத்தகைய மூங்கில் மனிதனுக்குத் தொட்டிலாகவும் பாடையாகவும் பயன்படுகிறது. ஏணி, கூடை, முறம், பந்தல், காகிதம், துறவியின் தண்டம் என அதன் தொண்டு விரிகிறது. பாய் முடைவோரின் நலனுக்காகக் கேரள அரசு 1971-ஆம் ஆண்டு மூங்கில் கழகத்தை நிறுவியது. கொச்சிக்கு வடக்கேயுள்ள அங்கமாலியில் அது இயங்கி வருகிறது. திருநெல்வேலியிலோ இறைவனே வேணுவனநாதர் என்னும் திருநாமம் கொண்டுள்ளார். அங்கே தலமரம் மூங்கில்.

மூங்கில் பெற்ற பேறுகளுள் உயர்ந்தது கண்ணனின் குழலானது. குழலில் ஊதுதுளைக்கு அருகிலுள்ள முனை அடைபட்டிருக்கும், மறுமுனை திறந்திருக்கும். அடைக்க வேண்டிய முனையை அடைக்காவிடில் ஊதும் காற்று வீணே வெளியேறும். புலன்வழி சிதறும் மனமும் அத்தகையதே. கீதையின் பதினோராம் அத்தியாயத்தில் அர்ச்சுனனைக் கருவியாக மட்டும் இருக்குமாறு பகவான் பணிக்கிறார். அவன் வில்லைக் கீழே போடவில்லை. அவர் பணித்தபடியே போர் புரிந்தான்.

மனத்தை அடக்கி, 'நான்' என்பதை அகற்றி, நாமும் அவனது கருவியாக இருக்க அவனருளையே வேண்டுவோமாக.