தலையெழுத்தும் விழுந்த கையும்

குணமாக வேண்டும் என்பது விதியானால், வைத்தியரை அழைத்தாலும் அழைக்காவிட்டாலும் குணமாகும். ஆகாது என்பது விதியானால், யாரை அழைத்தும் பயனில்லை. ஆகவே வைத்தியம் தேடுவது வீண். பழைய கிரேக்கர்கள் இதற்குச் ‘சோம்பல் வாதம்’ என்று பெயர் வைத்தார்கள். கி.மு. 44-இல் ரோமானியரான சிசரோ விதியைப் பற்றி எழுதிய நூலில் இது பதிவாகியிருக்கிறது. கை கால் விழுந்தவரைச் சுற்றி நின்று ‘தலையெழுத்துப்படி நடக்கட்டும்’ என்று உறவினர்கள் சொல்வதும் இதன் சுருக்கமே.

ஸ்டோயிக் தத்துவவாதி கிரிசிப்பஸ் விதியை முழுக்க நம்பியவர். ஆனாலும் இந்த வாதத்தை அவர் ஏற்கவில்லை. குணமாவது விதிக்கப்பட்டிருந்தால், வைத்தியரை அழைப்பதும் அதனுடன் சேர்ந்தே விதிக்கப்பட்டிருக்கும். முடிவை மட்டும் தனியே கிள்ளி எடுத்து, அதற்கு வழியான செயலை விட்டுவிட முடியாது என்றார். தர்க்கத்துக்கு இது நல்ல பதில். நோயாளிக்குப் போதாது. எது விதிக்கப்பட்டிருந்தது என்பது எல்லாம் முடிந்த பிறகுதானே தெரிகிறது?

ஆயுர்வேத நூலான சரக சம்ஹிதை இன்னும் ஓரடி கீழே இறங்கிப் பேசுகிறது. அதன் விமானஸ்தானத்தின் மூன்றாம் அத்தியாயத்தில், ஆயுள் முன்பே நிர்ணயிக்கப்பட்டதா என்று அக்னிவேசர் கேட்கிறார். முற்பிறவி உடலில் செய்த வினை ‘தெய்வம்’, அதாவது விதி; இந்த உடலில் செய்யும் வினை ‘முயற்சி’ என்று ஆசிரியர் ஆத்ரேயர் பிரிக்கிறார். இரண்டும் வினைதான், வலுத்தது மற்றதை அடக்கும். எல்லாம் அளந்து வைக்கப்பட்டதென்றால் மந்திரமும் மூலிகையும் எதற்கு, முரட்டு யானையைக் கண்டு விலகுவது எதற்கு? நல்ல வண்டி அச்சு தன் காலம் முழுதும் ஓடித் தேயும்; பாரம் மிகுந்தால், பாதை கெட்டால், அதே அச்சு நடுவழியில் முறியும். தத்துவ நூலைவிட வைத்திய நூலில் இந்தக் கேள்வி கூர்மையாக வந்திருப்பதில் வியப்பில்லை. விடை தவறினால் அங்கே ஓர் உயிர் போகும்.

பக்கவாதத்தில் இது வெறும் ஏட்டுச் சர்ச்சை அல்ல. மூளையின் ரத்தக்குழாய் அடைபட்டிருந்தால், அடைப்பைக் கரைக்கும் ஊசி மருந்தை வழக்கமாக நாலரை மணி நேரத்துக்குள் செலுத்தியாக வேண்டும். விடியட்டும் என்று காத்திருந்தால் அந்த வாய்ப்பு கைநழுவிப் போகும்.

அதைவிடச் சிந்திக்க வைப்பது, விழுந்த கையை மீட்கும் பிந்தைய கட்டம். அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் டாப் குரங்குகளின் ஒரு கையிலிருந்து செல்லும் உணர்வு நரம்புகளைத் துண்டித்து ஆராய்ந்தார். அசைவு நரம்புகள் அப்படியே இருந்தன. ஆனாலும் குரங்கு அந்தக் கையைப் பயன்படுத்துவதை நிறுத்திவிட்டது. நல்ல கையைக் கட்டிப்போட்டதும் மற்றது இயங்கத் தொடங்கியது. தொடக்கத்தில் முயன்று முயன்று தோற்றதால், முயலாமலிருக்கக் குரங்கு பழகிவிட்டது என்பது டாப் தந்த விளக்கம். இதிலிருந்து பிறந்த சிகிச்சையில், விழித்திருக்கும் நேரத்தின் பெரும்பகுதி நல்ல கைக்கு உறை மாட்டிவிட்டு, விழுந்த கைக்கு நாள்தோறும் மணிக்கணக்கில் வேலை தருகிறார்கள். இரண்டு வாரம் இது நடக்கும். மணிக்கட்டிலும் விரலிலும் ஓரளவு அசைவு மிஞ்சியவர்களுக்கு, நோய் கண்டு 3 முதல் 9 மாதம் கடந்த பிறகும் இது பலன் தந்ததை 2006-இல் வெளியான ஆய்வு காட்டியது. இனி வராது என்று கைவிட்ட கை, அதனாலேயே வராமல் போகிறது. பிறகு அதுவே விதிக்குச் சாட்சியாகவும் காட்டப்படுகிறது.

முயற்சி என்றால் யாருடைய முயற்சி? பக்கவாதத்தில் விழுந்தவர் தானாக வைத்தியரிடம் போக முடியாது. ஊழுக்கு ஓர் அதிகாரம் ஒதுக்கிய திருக்குறள், மருந்து அதிகாரத்தில் நோயாளி, மருத்துவர், மருந்து ஆகியவற்றோடு உடனிருந்து கவனிப்பவரையும் வைத்தியத்தின் நான்கு கூறுகளில் ஒன்றாக எண்ணுகிறது. சிகிச்சையைத் தாங்கும் நான்கு பாதங்கள் என்று சரகர் சொல்வதும் இவையே. மாற்கு நற்செய்தியில் கப்பர்நகூம் திமிர்வாதக்காரனை நான்கு பேர் சுமந்து வருகிறார்கள். கூட்டத்தால் உள்ளே போக முடியாமல் கூரையைப் பிரித்து இறக்குகிறார்கள். சுமந்தவர்களின் நம்பிக்கையும் அங்கே கணக்கில் சேர்கிறது.

முயற்சியைப் புகழ்வதிலும் ஒரு கொடுமை ஒளிந்திருக்கிறது. எழுந்து நடக்காதவர் போதுமான அளவு முயலவில்லை என்று சொல்லிவிடுவது எளிது. முன்வினைப் பழி போய் இந்தப் பிறவிப் பழி வந்து சேரும். மூளையிலும் தண்டுவடத்திலும் சில சேதங்கள் எந்தப் பயிற்சிக்கும் இணங்குவதில்லை. சரகரும் தீரும் நோய், தீராத நோய் என்று பிரித்தே பேசுகிறார். ஆனால் தீராத நோயிலும் மீட்சி என்று ஒன்று உண்டா என்பது வேறு கேள்வி. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் டாக்டர் மேரி வர்கீஸ் 1954-இல் கார் விபத்தில் தண்டுவடம் சிதைந்து இரு கால்களின் இயக்கத்தையும் இழந்தார். ஆழ்ந்த இறைநம்பிக்கை கொண்டவர். கால்கள் திரும்பவில்லை. சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். வெளிநாட்டில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, வேலூரில் அதற்கெனத் தொடங்கிய துறைக்குத் தலைமை ஏற்றார். 1966-இல் அங்கே மறுவாழ்வு மையமும் திறக்கப்பட்டது. நடக்க முடியாதவர்கள் படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறவும், தம் வேலையைத் தாமே செய்துகொள்ளவும் அங்கே கற்றுக்கொண்டார்கள்.